வெட்டி எறிந்த 'னு'

எங்கள் மினசோட்டாவில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. விருந்தில் சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் இருந்தால் "வித்தியாசமா இருக்கே" என்போம். பக்கத்து வீட்டுக்காரன் தன் களஞ்சியத்துக்கு ஊதா நிறம் அடித்துவைத்தால் அதற்கும் "வித்தியாசமா இருக்கே"தான். அதைவிடப் பெரிய வசவு எங்கள் ஊரில் கிடையாது. ஐம்பத்தாறு வயது வரை நானும் அப்படித்தான் பேசினேன். இப்போது சொல்கிறேன்: அந்தப் படத்தை எடுத்தவர்கள் அயோக்கியர்கள். வித்தியாசமானவர்கள் இல்லை, அயோக்கியர்கள்.

என் பெயர் மார்லிஸ். மருத்துவமனையில் இருபத்தெட்டு வருஷமாக ஊட்டச்சத்து நிபுணர். சர்க்கரை நோயாளிகளிடம் எதைத் தின்னலாம், எவ்வளவு தின்னலாம் என்று சொல்லி வாய் வலிப்பது என் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் பால்பண்ணைக்காரர்கள். விடியுமுன் எழுந்து மாடு கறந்துவிட்டு, நான் சொல்வதற்கெல்லாம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்ததை ஒரு தட்டு நிறையச் சாப்பிடுகிறவர்கள். என் தம்பி வெர்லினும் அதே ரகம். எழுபது மாடுகள், பிடிவாதம், ஒன்பது வருஷமாக இன்சுலின் ஊசி.

போன இலையுதிர் காலத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து டெவின் என்று ஒரு டைரக்டர் வந்தான். உணவும் நோயும் பற்றி டாக்குமெண்டரி எடுக்கிறானாம். முப்பத்தைந்து வயதிருக்கும். இனிக்க இனிக்கப் பேசினான். என் அலுவலக அறையில் விளக்குகளை நிறுத்தி, சட்டையில் மைக்கைக் குத்தி, உட்கார வைத்தான்.

"ஒரே ஒரு விஷயம், மார்லிஸ்," என்றான். "கேள்வி கேக்குற என் குரல் படத்துல வராது. அதனால கேள்வியையும் சேர்த்தே பதில் சொல்லிடுங்க. உங்களுக்குப் பிடிச்ச காய் எதுன்னு நான் கேட்டா, 'எனக்குப் பிடிச்ச காய் பீட்ரூட்'னு முழுசாச் சொல்லணும். சரிங்களா?"

"சரி," என்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இரண்டு மணி நேரம் ஒவ்வொரு கேள்வியையும் திருப்பிச் சொல்லிச் சொல்லிப் பதில் சொன்னேன். அதில் ஒன்று இது.

"உணவை மாத்தினா முப்பதே நாள்ல இன்சுலினை நிறுத்திடலாம்னு சொல்றாங்களே, அதப் பத்தி?" என்று கேட்டான்.

நான் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "உணவை மாத்தினா முப்பதே நாள்ல இன்சுலினை நிறுத்திடலாம்னு சொல்றது ஆளைக் கொல்ற பேச்சு. சில பேருக்கு டாக்டர் பக்கத்துல இருந்து, ரத்தத்தைப் பாத்துப் பாத்துக் கொஞ்சங்கொஞ்சமா குறைக்க முடியும். தானா நிறுத்தினா காலும் போகும், கண்ணும் போகும்."

"அருமை!" என்றான் டெவின்.

கிளம்புமுன் இன்னொன்று கேட்டான். எல்லாரும் முப்பது விநாடி பேசாமல் உட்கார வேண்டுமாம். ஆள் பேசாதபோது அறையில் இருக்கும் இரைச்சலைத் தனியாகப் பதிவு செய்வார்களாம். எதற்கு என்று கேட்டேன். "ஒட்டு தெரியாம இருக்க," என்று அவனோடு வந்திருந்த ஒலிப்பதிவுப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். எந்த ஒட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். எதிரே ஒருவர் புன்னகைக்கும்போது மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருப்பது எங்கள் ஊரில் அவமரியாதை. மெதுவாகத் தலையாட்டினேன். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை.

பிறகு ஓர் அனுமதிக் காகிதத்தை நீட்டினான். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். காப்பி வேண்டுமா என்று வேறு கேட்டேன்.

பிப்ரவரியில் படம் வந்தது. எனக்கு முன்னால் வெர்லின் பார்த்துவிட்டான். "அக்கா, டிவியில வந்துட்டே! கார்லா ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தா!" என்று போனில் கத்தினான். கார்லா அவன் மனைவி. மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் நானும் உட்கார்ந்து பார்த்தேன்.

எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். அதுதான் இதில் விஷமே. குளிர்பானத்தைப் பற்றிச் சொன்னது சரி. டப்பா உணவைப் பற்றிச் சொன்னது சரி. நான் இருபத்தெட்டு வருஷமாகத் தொண்டை வறளச் சொன்னதையெல்லாம் அழகான இசையோடு சொன்னார்கள். பார்க்கிறவனுக்கு நம்பிக்கை வந்துவிடும் அல்லவா? அதன் பிறகுதான் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் ஆள் வந்தான். என்ன டாக்டர் என்று சொல்லவில்லை. சர்க்கரை நோய் என்பதே மருந்துக் கம்பெனிகள் வளர்க்கும் வியாபாரம் என்றான். அடுத்த காட்சியில் என் முகம். தலையாட்டுகிறேன். மெதுவாக, யோசனையோடு, நாலைந்து தடவை. பிறகு என் வாய் திறக்கிறது.

"உணவை மாத்தினா முப்பதே நாள்ல இன்சுலினை நிறுத்திடலாம்."

அவ்வளவுதான். அந்த 'னு'வைக் காணோம். 'னு'வுக்குப் பின்னால் வந்த கொலையைக் காணோம், காலைக் காணோம், கண்ணைக் காணோம். அந்த இடத்தில் என் அறையின் இரைச்சல் மட்டும், ஒட்டே தெரியாமல். கீழே என் பெயர், மருத்துவமனையின் பெயர், இருபத்தெட்டு வருஷ அனுபவம் என்ற பெருமை. படம் முடிந்ததும் முப்பது நாளுக்கான ஒரு பொடிக்கு விளம்பரம்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டெவினைக் கூப்பிட்டேன்.

"உங்க வாயிலேருந்து வராத ஒரு சொல்லைக்கூட நாங்க சேர்க்கல, மார்லிஸ்," என்றான். குரலில் பதற்றமே இல்லை. "ரெண்டு மணி நேரம் பேசினீங்க. படத்துல இருபது விநாடிதான் வெக்க முடியும். எங்கேயோ வெட்டித்தானே ஆகணும்?"

"எங்கேயோ வெட்டல, கழுத்துல வெட்டிருக்கீங்க."

"நீங்க கையெழுத்துப் போட்ட தாளை ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்," என்றான் அன்பாக.

அவன் அயோக்கியன். ஆனால் அடுத்து நான் செய்ததற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. அன்று சாயங்காலமே வெர்லினுக்குப் போன் செய்தேன். 'அது பச்சைப் பொய்டா, என் பேச்சை வெட்டிட்டானுங்க' என்று கத்தியிருக்க வேண்டும். பழக்கதோஷம். "அந்தப் படம்... கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சு, வெர்ல்," என்றேன். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும், புரிந்துகொள்வான் என்று நினைத்தேன்.

அவன் வேறு மாதிரி புரிந்துகொண்டான். எங்கள் ஊரில் யாரும் தன்னைத் தானே மெச்சிக்கொள்வதும் கிடையாது. சொந்த அக்கா டிவியில் வந்திருக்கிறாள், அடக்கத்துக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். "ஆமாமா, நல்லாத்தான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். அன்று காலையிலேயே ஊசியை நிறுத்திவிட்டிருந்தான். என்னிடம் சொல்லவில்லை. முப்பது நாள் கழித்து எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கத் திட்டமாம்.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து எல்லாரும் கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவனைப் பார்த்தேன். அதற்கு முன்னால் பனிப்புயல் இரண்டு வாரம், கன்று ஈனும் காலம் மூன்று வாரம் என்று சந்திக்கவே இல்லை. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. புதிதாக ஓர் ஓட்டை போட்டு பெல்ட்டை இறுக்கியிருந்தான்.

"இருபத்தஞ்சு பவுண்டு குறைஞ்சுட்டேன், பாத்தியா?" என்றான் வயிற்றைத் தட்டிக்கொண்டு. கையில் ஒரு பெரிய தண்ணீர் ஜாடி. நான் பார்க்கும்போதே பாதியைக் காலி செய்தான்.

இருபத்தெட்டு வருஷம் இந்த வேலை செய்கிறவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம். "வெர்ல், ஊசி போட்டுக்கிறியா?"

அவன் முகம் மலர்ந்தது. "நாப்பது நாளாச்சு நிறுத்தி! நீதானே சொன்னே?"

"நான் சொல்லலடா! அது இளைப்பு இல்ல, உடம்பு தன்னையே கரைச்சுத் தின்னுக்கிட்டிருக்கு. சர்க்கரை ரத்தத்துலயே நிக்குது, தசைக்குப் போகல. அதான் இந்தத் தாகம்."

"விஷம் வெளியேறும்போது தாகம் எடுக்கும்னு படத்துல சொல்லிருக்காங்க."

"என் பேச்சை வெட்டிட்டாங்க, வெர்ல். நான் சொன்னதுல முன்பாதிதான் வந்துச்சு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பரிதாபமும் ஏளனமும் கலந்த பார்வை. "ஆஸ்பத்திரியில மேலிடத்துலேருந்து நெருக்கினாங்களா? மாத்திப் பேசச் சொன்னாங்களா? மருந்துக் கம்பெனிக்காரங்க இப்படித்தான் பண்ணுவாங்கன்னும் அதுல சொன்னாங்க."

"டேய், யாரும் நெருக்கல!"

"அது சினிமா இல்லக்கா, கதை கட்டுறதுக்கு. டாக்குமெண்டரி. உன் முகம், உன் குரல். அசையுறது உன் வாய்தானே?"

சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பிக் கோப்பைகளோடு முப்பது பேர் எங்களையே பார்த்தார்கள். எவராவது ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமே? எலுமிச்சைக் கேக் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள்.

நான்கு நாள் கழித்து கார்லா போன் செய்தாள். அவள் அதிகம் பேசாதவள். "மார்லிஸ், அவரு வலது கால் சாக்ஸ்ல ரத்தம். பூட்ஸுக்குள்ள ஒரு ஆணி கிடந்திருக்கு. எத்தனை நாளாவோ தெரியல. வலிக்கவே இல்லங்கிறாரு. நாத்தம் வருது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கிறாரு."

வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். பதினெட்டு மைல். வழியெல்லாம் சத்தம் போட்டு அழுதேன், டெவினைத் திட்டினேன், என்னைத் திட்டினேன். வாழ்க்கையில் அதுவரை சொல்லாத சொற்களையெல்லாம் சொன்னேன்.

வெர்லின் சமையலறை மேசையருகே காலைத் தூக்கி ஒரு நாற்காலியில் போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அறை முழுக்க அந்த வாடை. நான் கெஞ்சினேன். கார்லா கெஞ்சினாள்.

"உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா முதல்ல அந்த ஊசியைத்தான் குத்துவீங்க," என்றான். "நல்லாயிட்டு வர்ற நேரத்துல கெடுக்காதீங்க. இன்னும் ஒரு மாசம் பொடியைச் சாப்பிட்டா சரியாயிடும்."

கத்தினால் கேட்க மாட்டான். பிறந்ததிலிருந்து தெரியும். நான் போனை எடுத்து மேசையில், அவன் முன்னால் வைத்தேன். ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

"ஒரே ஒரு கேள்வி. பதில் சொல்லு, நான் போயிடறேன். ஆனா கேள்வியையும் சேர்த்துச் சொல்லணும். டெவின் என்னை அப்படித்தான் சொல்ல வெச்சான்."

"என்ன விளையாட்டு இது?"

"சொல்லேன். உன் மாடுகளை மொத்தமா வித்துடலாமா?"

அவன் முகம் சிவந்தது. எங்கள் அப்பா விட்டுப்போன மந்தை. பால் விலை விழுந்த வருஷங்களில் எத்தனையோ பேர் வந்து கேட்டும் கொடுக்காதவன். "என் மாடுகளை மொத்தமா வித்துடலாம்னு சொல்றவன் எவனா இருந்தாலும் என் வாசப்படி மிதிக்கக் கூடாது! நீயா இருந்தாலும் சரி!"

"நன்றி," என்றேன்.

இதற்கு ஸ்டூடியோவெல்லாம் தேவையில்லை. போன் திரையில் இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு இருக்கும். வலது பக்கத்துக் கோட்டை விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். 'னு'வுக்கு முன்னால் நிறுத்தினேன். எல்லாம் அவன் கண்ணெதிரே. பிறகு ஒலியைக் கூட்டி வைத்தேன்.

"என் மாடுகளை மொத்தமா வித்துடலாம்."

வெர்லினின் குரல். அவனுடைய கரகரப்பு, அவனுடைய அழுத்தம். கோபம்கூடத் தெரியவில்லை, உறுதியாக முடிவெடுத்தவன் பேசுவது போல இருந்தது. கார்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் அப்படிச் சொல்லல!" என்று கத்தினான்.

"உன் குரல்தானே?"

"நான் சொன்னதுல பாதியை வெட்டிட்டே!"

"வராத ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கல, வெர்ல். இதை உன் முகத்தோட சேர்த்து ஊருக்கெல்லாம் போட்டா நாளைக்குக் காலையில வாசல்ல லாரி வந்து நிக்கும். அப்ப நீ என்ன சொல்லுவே?"

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை போடச் சொன்னான். போட்டேன். மூன்றாம் தடவையும் போட்டேன். அதன் பிறகு தன் காலைப் பார்த்தான், ஏதோ இப்போதுதான் அதை முதல்முறை பார்ப்பது போல.

"மீதி என்னக்கா?" என்று கேட்டான். "நீ சொன்னதுல மீதி."

சொன்னேன். கால் என்ற சொல் வந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். "கார்லா, கோட்டை எடு," என்றான்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் நான்கு நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்றார் அறுவை மருத்துவர். அதை நினைத்து நன்றி சொல்ல வேண்டுமாம். எனக்கு நன்றி வரவில்லை. கறுத்து அழுகிய இரண்டு விரல்களை ஒரு பொட்டலத்தில் கட்டி டெவினுக்குத் தபாலில் அனுப்பலாம் என்றுதான் தோன்றியது.

அனுப்பத் தேவையே இருக்கவில்லை. யார் சொன்னார்களோ, அவனே கூப்பிட்டான். வெர்லின் படுக்கையில், நான் பக்கத்தில். போனை ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மார்லிஸ், உங்க தம்பிக்கு ஆனதைக் கேட்டு ரொம்ப வருத்தப்பட்டேன்," என்றான். "நாங்க இரண்டாம் பாகம் எடுக்கிறோம். இந்த முறை இன்னொரு பக்கத்தையும் காட்டணும்னு இருக்கோம். அவர் கதை மனசைத் தொடும். ஒரு நாள் வந்து படம் பிடிக்கலாமா?"

வெர்லின் கூரையைப் பார்த்தபடியே, "அது ரொம்ப வித்தியாசமா இருக்குமே," என்றான். எங்கள் ஊரில் ஒருவன் முகத்தில் காறி உமிழ்வது என்றால் அதுதான்.

"பிரமாதம்! எனக்கும் அப்படித்தான் தோணுச்சு!" என்றான் டெவின். "அடுத்த புதன்கிழமை வரட்டுமா?"

"வேண்டாம்," என்றேன் நான்.

"என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்."

கேள்வியைச் சேர்க்கவில்லை. காரணம் சொல்லவில்லை. நல்லா இருங்க என்று சொல்லவில்லை. வெட்டிப் பயன்படுத்த அதில் எதுவும் இல்லை. போனை வைத்தேன். எங்கள் ஊர்க்காரி ஒருத்தி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வெர்லின் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கட்டுப்போட்ட காலோடு சிரித்தான்.

ஆனால் என் கோபம் அங்கே முடியவில்லை. எப்படி முடியும்? படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மருத்துவமனை முகவரிக்கு எனக்குக் கடிதங்கள் வருகின்றன. 'உங்கள் வார்த்தையை நம்பி இன்சுலினை நிறுத்திவிட்டேன், கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்' என்று பூப்போட்ட காகிதத்தில் எழுதுகிறார்கள். படத்தை நிறுத்தச் சொல்லி வக்கீலிடம் போனேன்; கையெழுத்தைக் காட்டிக் கையை விரித்துவிட்டார். என்னால் முடிந்தது ஒன்றுதான். மத்தியான இடைவேளையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கடிதம் எழுதியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன்.

நேற்று நெப்ராஸ்காவில் ஒரு செல்போன் எண். கடிதம் எழுதியவள் அர்டித் என்ற எழுபது வயதுப் பெண்மணி. போனை எடுத்தது அவள் மகள்.

"என் பேரு மார்லிஸ். உங்க அம்மா எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாங்க. படத்துல நான் பேசின வாக்கியம் ஒண்ணு பாதியில நிக்குது. மீதியைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மறுபக்கம், பின்னால் ஏதோ ஓர் இயந்திரம் விட்டுவிட்டு ஒலித்தது. அவள் வீட்டில் இல்லை, மருத்துவமனையில் இருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"மூணு நாளா கெஞ்சுறோம்," என்றாள் மகள். "டாக்டர் சொன்னா கேக்கல. நான் சொன்னா கேக்கல. ஊசியைக் கொண்டுவந்தா கையைத் தட்டிவிடுறாங்க. உங்க பேரைச் சொல்லித்தான் தட்டிவிடுறாங்க. உங்களைத் தவிர யாரையும் நம்ப மாட்டேங்கிறாங்க. போனைக் காதுகிட்ட வெக்கிறேன். நீங்களே சொல்லுங்க," என்றாள்.

துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு, மிக அருகில், ஒரு கிழவியின் மூச்சு.

"மார்லிஸா?" என்றாள் அவள். "படத்துல வர்ற மார்லிஸா?"

"ஆமாம்மா," என்றேன். அந்த வாக்கியத்தை முதல் சொல்லிலிருந்து தொடங்கினேன். எங்கும் நிறுத்தவில்லை.